டெண்டர் பெட்டி இருந்த இடம்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், நெடுங்கரைப் பேரூராட்சி அலுவலகம் அது வழக்கமாக நிற்கும் இடத்தில் இல்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் கொஞ்ச நேரம் விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள். பிறகு, சம்பளம் வாங்குவது பெருக்குவதற்குத்தானே என்று வெறும் மண்ணைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, டீக்கடை மாரப்பனிடம் போய் ஆபீசைக் காணோம் என்று சொன்னாள். மாரப்பன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். சந்தைப்பேட்டைப் பக்கம் ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு கட்டடம் நிற்பதைப் பால்காரர் பார்த்ததாகவும், அது இதுவாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

அதுவேதான். படிக்கட்டு, கொடிக்கம்பம், அறிவிப்புப் பலகை, பின்பக்கத்துக் கழிப்பறை எல்லாமும் சேர்ந்தாற்போல் தொட்டிக்குக் கீழே ஈர மண்ணில் அமர்ந்திருந்தது. செயல் அலுவலர் வைத்தியலிங்கம் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, படியேறி உள்ளே போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். விசிறி சுற்றவில்லை. மின்கம்பி பழைய இடத்திலேயே அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதியதுதான்.

மறுநாள் அலுவலகம் அரசுப் பள்ளியின் கைகழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்தது, அதற்கு அடுத்த நாள் பிள்ளையார் கோயில் கிணற்றடியில் இருந்தது, அதற்குப் பிறகு ஒரு கரும்புக்காட்டு வரப்பில் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றது. ஊர் தன்னால் ஆனதைச் செய்துகொண்டது. மாரப்பன் கடையைத் தள்ளுவண்டியில் ஏற்றி அலுவலகம் போகும் இடமெல்லாம் போனார். மனு எழுதுகிறவர்கள் மடக்கு மேசை வாங்கினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள், பேரூராட்சி ஆபீசுக்கு டிக்கெட் கேட்டவர்களிடம், இன்றைக்கு எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர், அலுவலகம் இதுவரை தன் வார்டுக்கு ஒரு தடவைகூட வரவில்லை என்று வெளிநடப்புச் செய்ய எழுந்தார்; வெளியே கால் வைத்தபோது தான் நிற்பது தன் வார்டில்தான் என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார். மாவட்டத்திலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது: அலுவலகம் எங்கிருந்தாலும் பெயர்ப்பலகை சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். அலுவலகம் தன் கத்தரிச் செடியை மிதித்துவிட்டதாக ஒருவர் இழப்பீடு கேட்டார், ஆனால் அது செடிகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருந்ததால் மனு தள்ளுபடியானது. பழைய இடத்தில் மிளகாய் காயப்போட்டார்கள். அந்த இடத்துக்குக் காலிமனை வரி கட்டச் சொல்லி அலுவலகமே தனக்குத்தானே ஒரு நோட்டீஸ் அனுப்பியது, குறித்த தேதிக்குள் கட்டியும்விட்டது.

ஏன் நடக்கிறது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிப் பொழுது போனது.

மற்ற நாட்களில் இதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. டெண்டர் நாளன்று மட்டும்தான் அலுவலகம் யார் கண்ணுக்கும் அகப்படாமல் போனது. தெருவிளக்கோ, பிளீச்சிங் பவுடரோ, சாக்கடைச் சிலாப்போ, எதற்கு டெண்டர் விட்டாலும், அன்றைக்குக் காலையிலிருந்து ஊரெல்லாம் தேடினாலும் காணோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கும். அதற்குள் பெட்டியைத் திறந்து, விலைகளைப் படித்து, குறைந்த விலை நாட்ராயனுடையது என்று முடிவும் எழுதியிருப்பார்கள். நாட்ராயன் முதல்நிலை ஒப்பந்ததாரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, யாரையும் அதட்டிப் பேசாத குரல். அவரோடு டெண்டர் போட்ட மற்ற இரண்டு பேரும் அவருடைய மச்சான்கள்.

அந்தச் சிலாப்புகளைச் செய்து கொடுத்தது அம்சவேணி. ஓடைத்தெருவின் கடைசியில், மாமனார் வழியில் வந்த நிலத்தில், அவளும் கணவன் ராசுக்குட்டியும் சிலாப் பட்டறை வைத்திருந்தார்கள். கம்பி கட்டி, அச்சுக்குள் கலவை போட்டு, இறுகியதும் எடுத்து அடுக்கி, ஈரச் சாக்குப் போர்த்தி, காயாமல் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது. செய்வது அவர்கள், பேரூராட்சிக்குக் கொடுப்பது நாட்ராயன். கனத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுவார், கம்பியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்லுவார், அளக்க வருகிறவர்கள் நீளத்தையும் அகலத்தையும்தானே அளக்கிறார்கள் என்பார். அவர் வாங்காவிட்டால் வாங்க வேறு ஆள் இல்லை என்பதால் அவர்களும் அப்படியே செய்தார்கள்.

அடுத்த வருஷம் பங்குனித் தேர் அன்று, கூட்டத்துக்கு ஒதுங்கி ராசுக்குட்டி சாக்கடை மேல் ஏறி நின்றான். சிலாப் இரண்டாகப் பிளந்தது. அவன் தொடை வரைக்கும் உள்ளே போனான், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவனைத் தூக்கியெடுத்த பிறகு அம்சவேணி குனிந்து உடைந்த சிலாப்பின் விளிம்பைப் பார்த்தாள். அது தன் பட்டறையில் போட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவள்தான் ஆரம்பித்தாள். இனி நாட்ராயனுக்குப் போட்டுக் கொடுப்பதில்லை, அடுத்த டெண்டரைத் தானே போடப்போவதாகச் சொன்னாள். ராசுக்குட்டி கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். நம்மைப்போல ஆட்கள் அதெல்லாம் போடுவதா என்று கேட்டான். அவள், போடக்கூடாதென்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எழுதியிருக்காது என்று அவன் ஒப்புக்கொண்டான்.

அலுவலகம் அன்றைக்கு வண்ணான்துறையில் இருந்தது. உள்ளே இளநிலை உதவியாளர் முபாரக், பழைய கோப்புகளை ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். அம்சவேணி கேட்டதற்கு அவர் முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு செயல் அலுவலரின் அறைக் கதவைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். டெண்டர் அறிவிப்பு பத்திரிகையில் உள்பக்கத்தில், மாட்டுத் தீவன விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வரும், தினமும் பார்க்க வேண்டும். கடைநிலை ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், சிறிய வேலைகளுக்கு அது போதும். பான் கார்டு, ஜி.எஸ்.டி. எண், தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று, பாங்கியில் முன்வைப்புத் தொகைக்கு ஒரு டிராப்ட். விலையை எழுத்திலும் எண்ணிலும் எழுத வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும், உறையை அரக்கு வைத்து ஒட்ட வேண்டும். கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் அந்த உறை பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்சவேணி, பெட்டி எங்கே இருக்கும் என்று கேட்டாள்.

முபாரக் ஒரு கோப்பைத் திருப்பிப் போட்டார். ஆபீசுக்குள்ளதான் இருக்கும் என்றார்.

அவள் சளைக்காமல் அலைந்தாள். தாசில்தார் அலுவலகத்தில் காலையில் போனால் மதியம் வரச் சொன்னார்கள், மதியம் போனால் காலையில் வந்திருக்க வேண்டும் என்றார்கள். பதிவு செய்யும் இடத்தில், தொழில் செய்யும் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். நிலத்துக்கு மாமனார் காலத்துப் பட்டா இருந்தது, அதைக் கொடுத்தாள். பத்திரிகையைத் தினமும் ராசுக்குட்டி படுக்கையில் கிடந்தபடி வரி விடாமல் படித்தான். சித்திரைப் பிறப்புக்கு முன்னால் ஒரு காலையில், மாட்டுத் தீவனத்துக்குக் கீழே நெடுங்கரையின் பெயரைப் பார்த்துவிட்டு, "அம்சா, வந்துருச்சு" என்றான்.

அது பள்ளிக்கூடச் சாலைச் சாக்கடைக்குச் சிலாப் போடும் வேலை. உறையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அந்த நாளின் காலையில் அம்சவேணி மொபெட்டில் கிளம்பினாள். சந்தைப்பேட்டையில் இல்லை, பள்ளியில் இல்லை, கிணற்றடியில் இல்லை, வண்ணான்துறையில் இல்லை. மாரப்பனின் தள்ளுவண்டி நடுரோட்டில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணி அடித்தபோது அவள் ஊருக்கு வெளியே, கல்குவாரிக்குப் போகும் பாதையில், யாருமில்லாத இடத்தில் மொபெட்டை நிறுத்தியிருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அலுவலகத்தைப் பார்த்ததும் நேராகப் படியேறி வைத்தியலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எந்தக் கேள்வியையும் அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். உட்காரச் சொன்னார்.

"பெட்டி காலையில இருந்து ஆபீசுக்குள்ளதான்மா இருந்துச்சு. வெளிய வெச்சிருந்தாத்தான் தப்பு."

"ஆபீஸ் எங்கீங்க சார் இருந்துச்சு?"

"ஆபீஸ் இருக்கற இடத்துல."

விதியில் அவ்வளவுதான் இருந்தது. அவர் அதைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் மண் ஒட்டியிருந்தது, தென்னந்தோப்பு மண், கறுப்பாகவும் ஈரமாகவும்.

அடுத்த அறிவிப்பு சில வாரங்களிலேயே வந்தது, பொதுக் கழிப்பிடத்துக்கு மேல்மூடி போடும் வேலை. இந்தத் தடவை அம்சவேணி தேடப் போகவில்லை. விடியும்போதே அலுவலகம் முந்தின நாள் நின்ற இடத்துக்குப் போய், எதிரில் இருந்த திட்டின்மேல் உட்கார்ந்தாள். சூரியன் கிளம்பி முதல் சூடு சுவரில் பட்டதும் கட்டடம் லேசாக அசைந்தது. எருமை எழுந்திருக்கிற மாதிரி முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, கொஞ்சம் சுண்ணாம்பு உதிர எழுந்து நின்றது. அதற்குக் கால் இருந்ததா என்று பின்னால் பலர் அவளிடம் கேட்டார்கள், தான் அதைக் கவனிக்கவில்லை என்றும், அது நடந்ததைத்தான் கவனித்ததாகவும் சொன்னாள். அது மின்கம்பிகளுக்குக் குனிந்து, எதிரே வந்த பால் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, மேற்கே நடந்தது. அவள் மொபெட்டில் பின்னாலேயே போனாள்.

நாட்ராயனின் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தோப்பு முழுக்கத் தண்ணீர் பாய்ந்து மண் குளிர்ந்து கிடந்தது. அலுவலகம் கேட்டுக்குள் நுழைந்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவே இடம் பார்த்து, ஒரு பெருமூச்சோடு சேற்றில் அமர்ந்தது. கேட்டைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நாட்ராயனின் வேனில் செயல் அலுவலரும் முபாரக்கும் வந்து இறங்கி உள்ளே போனார்கள். போகிறபோது முபாரக் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காவலாளி அவளிடம் மரியாதையாகவே, இது தனியார் தோப்பு, வேலையிருந்தால் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள் என்றான். மூன்று மணி வரைக்கும் அவள் கம்பிக் கேட்டுக்கு வெளியில், கண்ணெதிரே பெட்டி தெரிய, உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து ராசுக்குட்டியிடம் விவரம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுக் கட்டுப்போட்ட காலைத் தலையணையிலிருந்து இறக்கி வைத்தான். பிறகு, ஆபீஸ் ஈரத்தைத் தேடித்தான் போகிறதா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசல் வழியாகப் பட்டறையைப் பார்த்தார்கள்.

மூன்றாவது அறிவிப்பு ஓடைத்தெருவுக்கு வந்தது. அவர்கள் தெரு. தேர் அன்று உடைந்த சிலாப்பிலிருந்து தெருக் கடைசி வரைக்கும் முழுக்கப் புதிதாகப் போடவேண்டிய வேலை. அம்சவேணி இருந்த சிமெண்டையெல்லாம் கலந்தாள். யாரும் கேட்காத சிலாப்புகளை, இந்தத் தடவை சொன்ன கனத்தில், நெருக்கக் கம்பி கட்டி, பட்டறை நிறையப் போட்டு அடுக்கினாள். வெறும் தரையை நனைத்தால் வீண், சிலாப்பை நனைத்தால் வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்டவர்களுக்குச் சொன்னாள். ஓடைக்கரைக் கிணற்றுத் தண்ணீரை ராசுக்குட்டி ஒரு காலைத் தாங்கியபடி குழாய் பிடித்து நாள் முழுக்கப் பாய்ச்சினான். சாக்குகளிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணில் இறங்கி, பட்டறை முழுக்கக் குளத்தங்கரைபோல் வாசம் அடித்தது. அந்தக் கத்திரி வெயிலில் நாட்ராயனின் ஆழ்துளைக் கிணறு காற்றை இழுத்தது. அவர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், ஊற்ற ஊற்றத் தோப்பு குடித்துவிட்டு மறுபடி வாயைப் பிளந்தது.

டெண்டர் நாள் காலையில் அலுவலகம் ஓடைத்தெரு முனையில் கொஞ்சம் நின்று, மேற்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்சவேணியின் பட்டறைக்குள் நுழைந்து சிலாப் அடுக்குகளுக்கு நடுவில் அமர்ந்தது.

ராசுக்குட்டி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வேகமாகப் போய்க் கேட்டைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். அவன் முகம் அவள் பார்த்தறியாத மாதிரி பிரகாசமாக இருந்தது.

"புள்ள, நீ ஒண்ணும் சொல்லாத. மூணு மணி வரைக்குந்தான்" என்று அவளை முந்திக்கொண்டு சொன்னான்.

அம்சவேணி கேட்டைப் பார்த்தபடி நின்றாள். தோப்புக் கேட்டுக்கு வெளியே நின்றது அவளுக்கு நினைவிருந்தது. கம்பியின் சூடு உள்ளங்கையில் எப்படி இருந்தது என்பதும் நினைவிருந்தது. சாத்தினால் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது கிடைக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதும் தெரியும்.

"தொறந்து உடுங்க" என்றாள். "நான் போட்ட வெலை மேல எனக்கு நம்பிக்கை இருக்குது."

அவன் திறக்கவில்லை. அவளே போய்த் திறந்தாள். திறந்ததோடு நிற்காமல், கோயில் விசேஷத்துக்கு மைக் கட்டும் ஆட்டோவை அமர்த்தி, பேரூராட்சி அலுவலகம் இன்று ஓடைத்தெருச் சிலாப் பட்டறையில் இருக்கிறது, டெண்டர் போடுகிறவர்கள் மூன்று மணிக்குள் வரலாம் என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னாள். ராசுக்குட்டி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வந்தார்கள். உதவித்தொகைக்காரர்கள் வந்தார்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்டவர்கள் வந்தார்கள், மாரப்பனின் வண்டி வந்தது. தாராபுரம் பக்கமிருந்து ஒரு கொத்தனார், காங்கயத்திலிருந்து ஒரு சிமெண்ட் கடைக்காரர், இதுவரைக்கும் நெடுங்கரையின் டெண்டர் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத சில பேர், உறைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வைத்தியலிங்கம் இந்தத் தடவை தன் ஸ்கூட்டரிலேயே வந்தார். நாட்ராயன் மூன்று மணிக்குச் சற்று முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நடந்து, தன் உறையைப் போட்டுவிட்டு, பட்டறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பெட்டியில் உறைகள் நிறைந்து, கடைசி உறையை முபாரக் விரலால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

எல்லோர் முன்னிலையிலும் விலைகளைப் படித்தார்கள். நாட்ராயன் எப்போதும் போடும் விலையைப் போட்டிருந்தார், அது ஒன்றுதான் உயரத்தில் இருந்தது. தாராபுரத்துக் கொத்தனார் நெருங்கி வந்தார். அம்சவேணியுடையது அவருக்கும் கீழே இருந்தது. முபாரக் அவள் பெயரை, தகப்பன் பெயரோடும் கணவன் பெயரோடும் முழுக்கச் சேர்த்து உரக்கப் படித்தபோது, உள்ளே படுத்திருந்த ராசுக்குட்டி எழுந்து உட்கார்ந்தான்.

பணி ஆணை வந்தது. ஆனால் அலுவலகம் போகவில்லை. அடுத்த நாளும் அங்கேயே இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. பட்டறை அதற்குப் பிடித்துப்போய்விட்டது. அச்சு வைக்க இடமில்லை, கலவை போட இடமில்லை, மனுக்காரர்களின் சைக்கிள்கள் மணல் குவியல் மேல் சாய்ந்து நின்றன. வாரக் கடைசியில் அம்சவேணிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: பேரூராட்சி அலுவலக வளாகத்துக்குள் சிலாப்புகளை அடுக்கி வைத்திருப்பது ஆக்கிரமிப்பு, உடனே அகற்ற வேண்டும். அவள் பட்டாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வைத்தியலிங்கம் பட்டாவை வாங்கி, இரண்டு பக்கமும் படித்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

"நெலம் உங்களுதுதான்மா. வளாகம் எங்களுது" என்றார். அதில் அவருக்குக் கோபமோ குறும்போ இல்லை.

நாட்ராயன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். ராசுக்குட்டியின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தோப்பு சும்மாதான் கிடக்கிறது, அங்கே வந்து போட்டுக்கொள்ளலாம், வேலை அவள் பேரிலேயே இருக்கட்டும், மற்றதையெல்லாம் பழையபடி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்சவேணி அவருக்குக் காபி கொடுத்தாள். தோப்பு வேண்டாமுங்கண்ணா என்றாள்.

அவள் ஓடைத்தெருவில் வீடு வீடாகப் போனாள். உங்கள் வாசலுக்கு வரும் சிலாப்பை உங்கள் வாசலிலேயே போட்டுக்கொள்கிறேன், இறுகும்வரை நீங்கள் தண்ணீர் காட்டினால் போதும் என்று கேட்டாள். சிலர் யோசித்தார்கள், கோலம் போட இடம் போகும் என்றார்கள், வண்டி நிறுத்த முடியாது என்றார்கள். ஆனாலும் அந்தச் சாக்கடையில் ஒருவராவது விழாத வீடு ஒன்றுகூட அந்தத் தெருவில் இல்லை. முதல் வீட்டில் சரி என்றதும் அடுத்த வீட்டிலும் சரி என்றார்கள். அரிசி களைந்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் கொண்டுவந்து, தங்கள் தங்கள் சிலாப் மேல் போர்த்திய சாக்கில் ஊற்றினார்கள். பெண்கள் போகிறபோக்கில் ஒருவர் சிலாப்பை ஒருவர் தொட்டுப் பார்த்து, உங்களுது காஞ்சு கெடக்குது பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலாப் தயாரானதும் சாக்கடை மேல் ஏற்றி வைத்தார்கள், வைத்த பிறகும் பழக்கத்தில் நனைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் ஆள் இல்லாத பட்டறை காய்ந்துபோனது. ஒரு காலையில் அலுவலகம் எழுந்து, கேட்டைத் தாண்டி, தெருவைப் பார்த்தது. தெரு நெடுக ஈரம் மினுங்கியது. அது தார் ரோட்டில் இறங்காமல், ஓரமாக, புதுச் சிலாப்புகளின் மேலேயே ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அவசரமில்லாமல் நடந்தது. ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். முபாரக் சாவிக்கொத்தோடு பின்னாலேயே ஓடினார். அம்சவேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிலாப்பும் விரிகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டாள், சத்தம் எதுவும் வரவில்லை. அன்று மதியம் வைத்தியலிங்கம் அளவு நாடாவோடு வந்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கனத்தையும் அளந்தார்.

அலுவலகம் அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மைக் ஆட்டோ வந்ததிலிருந்து ஊருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் முதலில் பார்க்கிறவர்கள் மாரப்பனுக்குப் போன் செய்வார்கள், மாரப்பன் வண்டியின் முன்னால் ஒரு பலகையில் சாக்பீசால் இடத்தை எழுதி வைப்பார், கண்டக்டர்கள் அதைப் படித்துவிட்டு டிக்கெட் கிழிப்பார்கள்.

ஐப்பசியில் உப்போடைச் சிறுபாலத்துக்கு டெண்டர் வந்தது. முந்தின நாள் நாட்ராயன் ஓடைத்தெருவுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமலேயே, நாளைக்கு எங்கே இருக்கும் என்று நினைக்கிறாய் என்று அம்சவேணியிடம் கேட்டார். மாட்டுச்சந்தையில் மழைத் தண்ணீர் நிற்கிறது, அநேகமாக அங்கேதான் வரும், வந்ததும் சொல்கிறேன் என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வந்தது. மாட்டுச்சந்தைக்கு நடுவில், நாலு பக்கமும் திறந்த வெளியில், குட்டைக்குள் பாதி இறங்கி உட்கார்ந்திருந்தது. ரோட்டில் போகிற எல்லோரும் பார்த்தார்கள். உறைகள் விழுந்துகொண்டே இருந்தன. மதியம் தாண்டியும் நாட்ராயனைக் காணோம். அவருடைய மச்சான்கள் கல்குவாரிப் பாதையிலும் வண்ணான்துறையிலும் தேடிக்கொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அம்சவேணியே அவருக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்கண்ணா, நேரமாச்சுங்க. நான் சொன்ன எடத்துலயேதான் இருக்குது."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தோப்பில் இருந்தார்.

"என்ன அம்மிணி" என்றார் நாட்ராயன், எப்போதும்போலத் தணிந்த குரலில். "என்னைய அங்க வரச் சொல்லிப்போட்டு, பெட்டிய நெசமா எங்க வெச்சிருக்கற?"

அவள் மாட்டுச்சந்தையைப் பார்த்தாள். வெயிலில் அலுவலகத்தின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன, மேசைமேல் பெட்டி இருப்பது ரோட்டிலிருந்தே தெரிந்தது.

"இங்கதானுங்கண்ணா" என்றாள்.

அவர் சிரித்தார். இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவளுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. உள்ளே முபாரக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் வாயை மூடி அரக்கு வைத்தார்.